தகப்பனைத் தேர்ந்தெடுத்தல்

குதிரை வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு. கொட்டிலில் நல்ல பெட்டைக்குதிரை நிற்கிறது. எந்த ஆண்குதிரையோடு அதைச் சேர்ப்பது? மேலோட்டமாகப் பார்த்தால் இது தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும்தான். உயரம், காலெலும்பு, குளம்பு, மூச்சு, குணம், அதன் அப்பன் யார், ஆத்தாள் யார் என்று ஒரு பட்டியல் போட்டு டிக் அடித்து முடித்துவிடலாம். கொஞ்சம் நின்று பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. இன்னும் பிறக்காத ஓர் உயிர் எதற்காகப் பிறக்க வேண்டும் என்பதை, அதனிடம் கேட்க வழியே இல்லாத நிலையில், இன்னொருவர் முடிவு செய்கிறார். ஓடுவதற்கா, இழுப்பதற்கா? அந்த முடிவை அது தன் எலும்பிலும் நரம்பிலும் இருபது, இருபத்தைந்து வருஷம் சுமந்துகொண்டு திரியும்.

"நாம என்ன குதிரையா வளர்க்கிறோம்?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நான் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் எழுதப்படுகிறது. செங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாதியில் தேசிய பால்வள வாரியத்தின் துணை நிறுவனம் நடத்தும் விந்து நிலையம் இருக்கிறது. அங்கே குதிரை இல்லை, காளைகள். தேர்ந்தெடுத்த காளைகளின் விந்து, கால் மில்லி கொள்ளும் மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து, ஊர் ஊராகப் போகிறது. கிராமத்தில் அதற்குப் பெயர் சினை ஊசி.

குதிரைக்கும் காளைக்கும் நடுவே போய்வந்துதான் இந்தக் கட்டுரை நகரும். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: யாரைத் தகப்பனாக்குவது, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு, அந்த முடிவின் கடன் யார் தலையில்?

*

தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு, பெரும்பாலும் வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் உள்ள உறவு. பட்டினப்பாலையிலேயே குதிரை கடல் வழியாக வந்து இறங்குகிறது. மாணிக்கவாசகர் கதையை எல்லாரும் கேட்டிருப்போம். பாண்டியன் குதிரை வாங்கப் பொன் கொடுத்து அனுப்புகிறான். அவர் அதைக் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ராத்திரியோடு ராத்திரியாக அவை மறுபடி நரிகளாகி ஓடிவிடுகின்றன. பக்திக் கதைதான். ஆனால் அதற்குள்ளே, குதிரையை இறக்குமதி செய்தே பழகிய ஓர் அரசின் பயமும் இருப்பதாக எனக்குத் தோன்றும். காசு கொடுத்தாகிவிட்டது, கொட்டிலில் நிற்பது குதிரைதானா என்று வாங்கியவனுக்கு நிச்சயமில்லை.

1290களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் அரபுக் கரையிலிருந்து வருகின்றன. முறையாகப் பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் செத்துப்போகின்றன. குதிரை வைத்தியர்கள் இந்தப் பக்கம் வராமல் வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள், செத்தால்தானே மறுபடி வாங்குவார்கள்? கூடவே இன்னொரு விஷயமும் சொல்கிறார். இந்த நாட்டில் திடமான ஆண்குதிரையையும் பெரிய பெட்டையையும் சேர்த்தாலும், கால் கோணிய, சவாரிக்கு ஆகாத குட்டிதான் பிறக்குமாம்.

பயணிகளுக்கே உரிய மிகை இதில் இருக்கலாம். ஆனாலும் இரண்டு விஷயங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, தகப்பன் மட்டும் எல்லாமும் இல்லை. மேய்ச்சல், தண்ணீர், வெயில், லாடம் அடிக்கத் தெரிந்த கை என்று எத்தனையோ சேர்ந்துதான் ஒரு குதிரை. இரண்டாவது, எந்தக் குதிரை தகப்பனாகும் என்று முடிவு செய்த இடம் வளைகுடாவில் இருந்தது. பலனை அனுபவித்த இடம் இங்கே. தேர்ந்தெடுக்கிற கையும் விலை கொடுக்கிற கையும் வெவ்வேறாக இருந்தன. இன்றைக்கும் பல இடங்களில் அப்படித்தான்.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிலிருந்து வந்த ஆண்குதிரைகளைத் தங்கள் நாட்டுப் பெட்டைகளோடு சேர்த்தார்கள். அவற்றில் மூன்றின் பெயர் நிலைத்துவிட்டது: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன். 1791இல் ஜெனரல் ஸ்டட் புக் என்ற வம்சப் பதிவேடு வெளிவந்தது. உலகத்தில் இன்று ஓடும் 'தரோபிரெட்' பந்தயக் குதிரை ஒவ்வொன்றின் ஆண்வழியும் இந்த மூன்றில் ஒன்றில் போய் முடிகிறது. அதிலும் பெரும்பான்மை, 1764இல் சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் எக்லிப்ஸ் என்று பெயர் பெற்ற, ஒரு பந்தயத்திலும் தோற்காத ஒரே குதிரை வழியாக டார்லி அரேபியனுக்குப் போகிறது.

தரோபிரெட் என்ற சொல்லைத் 'தூய இனம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். தொடங்கியதே கலப்பில்தான். நாடுவிட்டு நாடு வந்த ஆண், உள்ளூர்ப் பெண். பிறகு ஒருநாள் ஒருவர் ரிஜிஸ்டரைத் திறந்து, இதுவரை வந்தவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே என்று கோடு போட்டார். தூய்மை என்று நாம் சொல்வது, அந்தப் பதிவேடு மூடப்பட்ட தேதியைத்தான். 'நல்ல ரத்தம்', 'வம்சம்' போன்ற சொற்களை மாட்டுச் சந்தையில் மட்டுமா கேட்கிறோம்? கல்யாணத் தரகரிடமும் கேட்கிறோம். அங்கேயும் யாரோ, என்றைக்கோ, ஒரு ரிஜிஸ்டரை மூடியிருக்கிறார்கள்.

*

பந்தயக் குதிரைக்கு வருவோம். தரோபிரெட் உலகத்தில் சினை ஊசிக்கு அனுமதி கிடையாது. ஆண்குதிரை நேரடியாகப் பெட்டையோடு சேர்ந்தால்தான் பிறக்கும் குட்டியைப் பதிவு செய்ய முடியும். அதனால் பேர்பெற்ற ஆண்குதிரைகள் பாதி வருஷம் ஐரோப்பாவிலும் பாதி வருஷம் ஆஸ்திரேலியாவிலும் விமானத்தில் பறந்து பறந்து வேலை பார்க்கின்றன. ஓடிய 14 பந்தயத்திலும் ஜெயித்த ஃப்ராங்கலிடம் ஒரு பெட்டையைச் சேர்க்க 2024இல் கட்டணம் 3,50,000 பவுண்டு. நம் காசில் மூன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேல்.

இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன? ஒரு நிகழ்தகவு. அவ்வளவுதான். 2006இல் அமெரிக்காவில் 'தி கிரீன் மங்கி' என்ற இரண்டு வயதுக் குதிரை 1.6 கோடி டாலருக்கு ஏலம் போனது. வம்சம் பிரமாதம், சோதனை ஓட்டம் அதைவிடப் பிரமாதம். மூன்றே முறை ஓடியது, ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. அதற்கு முப்பது வருஷம் முன்னால், 1975இல், 17,500 டாலருக்குப் போன குட்டி ஒன்று 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் தோல்வியே காணாமல் ஜெயித்தது. அதன் பெயர் சியாட்டில் ஸ்லூ. தொடர்ந்து 16 பந்தயம் ஜெயித்த சிகார், பொலிக்கு விட்டபோது ஒரு பெட்டையையும் சினையாக்க முடியாமல் போயிற்று.

2010இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவின் ஒரு வேறுபாட்டைப் பார்த்து, குதிரை குறுந்தூரத்துக்கா நெடுந்தூரத்துக்கா என்று ஓரளவு சொல்லலாம் என்று கண்டுபிடித்தார்கள். தூரம் தெரியும், ஜெயிக்குமா என்பது தெரியாது. 1996இல் நம் உச்ச நீதிமன்றம், கிண்டிப் பந்தயத்தைத் தமிழக அரசு தடுக்கப் பார்த்த வழக்கில், குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது என்றது. திறமை சார்ந்ததாகவே இருக்கட்டும். குதிரையை உண்டாக்குகிறவருக்கு அது இன்னும் பாதிச் சூதுதான்.

நான் யோசிப்பது இதைவிட அடிப்படையான ஒன்றை. பந்தயத்தில் 'வேகம்' என்பதற்குத் தனியாக அளவே கிடையாது. பக்கத்தில் ஓடுவதைவிட வேகமா என்பதுதான் கேள்வி. எல்லாக் குதிரையும் ஒரு நொடி வேகம் கூடினால் யாருக்கும் ஒன்றும் கூடவில்லை. ஒன்று முன்னால் வர மற்றவை பின்னால் போயே ஆகவேண்டும். ஆக, இந்தத் தேர்வில் 'போதும்' என்ற சொல்லே வராது. 1973இல் செக்ரடேரியட் என்ற குதிரை அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களிலும் வைத்த நேரச் சாதனையை இன்றுவரை எதுவும் முறியடிக்கவில்லை. ஐம்பது வருஷமாக உலகின் மிக விலையுயர்ந்த தகப்பன்களைத் தேடிச் சேர்த்தும், ஓட்டம் பெரிதாகக் கூடவில்லை. கூடியது விலை.

*

இழுவைக் குதிரை, இழுவை மாட்டின் கணக்கு வேறு. அங்கே போட்டி இன்னொரு மிருகத்தோடு இல்லை, பாரத்தோடு. வண்டி நகர்ந்ததா, ஏர் ஓடியதா, கவலையில் தண்ணீர் மேலே வந்ததா? வந்துவிட்டால் போதும். பக்கத்துத் தோட்டத்துக் காளை இன்னும் பலசாலி என்பதால் என் வயலில் உழவு குறைந்துபோய்விடாது. அதனால் இழுவைக்குத் தகப்பன் பார்க்கிறவர்கள் வேறு குணங்களைப் பார்த்தார்கள். சீக்கிரம் மிரளாத சுபாவம், கெட்டியான குளம்பு, வெயில் தாங்கும் தோல், கிடைத்ததைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும் வயிறு, மனிதன் சொன்னால் கேட்கிற காது. சுழி பார்த்தார்கள். சுழிக்கும் உழவுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் சுழி பார்க்கிற சாக்கில் ஒரு மணி நேரம் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தவர், சுழியைத் தவிரவும் நிறையப் பார்த்திருப்பார்.

ஓசூரில் 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய பண்ணை, முதலில் ராணுவக் குதிரைகளுக்காகத்தான். பிறகு மாட்டுப் பண்ணையானது. நம் மண்ணில் இழுவையின் கதை மாட்டின் கதைதான். காங்கேயத்தில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம், முக்கியமாக நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார், பொலிகாளைகளைப் பொறுக்கி எடுத்து அந்த இனத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார்கள். 'இயற்கையாக வந்த நாட்டு மாடு' என்று நாம் கொண்டாடும் காங்கேயத்துக்குப் பின்னாலும் மனிதத் தேர்வு இருக்கிறது. காளை மட்டுமல்ல, கொறங்காடு என்ற மேய்ச்சல் முறையும் இருக்கிறது: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மார்க்கோ போலோ பார்த்த கொட்டில்களில் இல்லாதது இதுதான். அரபுக் குதிரைக்கு இங்கே கொறங்காடு கிடையாது.

இதில்தான் ஒரு கொடுமையும் இருக்கிறது. 'போதும்' என்று சொல்லத் தெரிந்த தேர்வில் பிறந்த மிருகத்தைத்தான் நாம் முதலில் கைவிட்டோம். கரண்ட் மோட்டார் வந்ததும் கவலை போயிற்று. டிராக்டர் வந்ததும் ஏர் போயிற்று. 'போதுமான' வேலையை இயந்திரம் மலிவாகச் செய்துவிடும். பந்தயக் குதிரையை மோட்டார் பைக் எப்போதோ தோற்கடித்துவிட்டது, ஆனாலும் பந்தயக் குதிரைக்கு வேலை போகவில்லை. அதன் வேலை போய்ச்சேர்வது அல்ல, முந்துவது.

ஐரோப்பாவிலும் இதே கதை. பிரான்சின் பெர்ஷரான் போன்ற கனத்த இழுவைக் குதிரைகள் டிராக்டருக்குப் பிறகு வேலையிழந்தன. பல இழுவை இனங்கள் அழியாமல் தப்பித்ததற்கு ஒரு காரணம், அவை கறிக்கு வளர்க்கப்பட்டது. இழுக்கும் திறமைக்காகத் தகப்பன் தேடியவர்கள், எடைக்காகத் தேடத் தொடங்கினார்கள். அதே ரத்தம், அதே பெயர். நோக்கம் மட்டும் மாறியது. தேர்ந்தெடுக்கிறவருடைய நோக்கம் பத்து வருஷத்தில் மாறிவிடும்; அந்த நோக்கத்துக்காக வார்க்கப்பட்ட உடம்பு மாறாது.

*

அலமாதிக்குத் திரும்பலாம். ஒரு காளை நேரடியாகச் சேர்ந்தால் வருஷத்துக்கு நூறு பசுக்கள் வரை சினையாக்கலாம். உறைவிந்துக் குச்சி வந்தபின் அந்தக் கணக்கே மாறிவிட்டது. ஒரே காளையிடமிருந்து வருஷத்துக்குப் பல ஆயிரம் குச்சிகள். செத்துப்போன காளைகூடத் தகப்பனாகிக்கொண்டே இருக்கும். தேர்வும் முன்போலக் கண்ணால் பார்த்துச் செய்வதல்ல. தாயின் பால் அளவு, நோய்ப் பரிசோதனை, மகள்கள் எவ்வளவு கறக்கிறார்கள் என்ற பல வருஷத்துப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண் வரும். மகள்கள் வளர்ந்து கறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல், கன்றின் மரபணுவைப் படித்தே கணிக்க 2024 அக்டோபரில் இந்தியா தனக்கென ஒரு ஜீனோம் சிப் வெளியிட்டது.

இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. என் பிழைப்பே டேட்டாவை எண்ணாக்கி, எண்ணை வைத்து வரிசைப்படுத்துவதுதான். ஏழை விவசாயி வீட்டுப் பசு கூட ரெண்டு லிட்டர் கறந்தால், அது ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. அதைச் சாதித்ததில் சினை ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் எண்ணை வைத்து வரிசைப்படுத்துகிற எவருக்கும் தெரிந்த ஒரு ஆபத்து இதில் இருக்கிறது: எண்ணுக்குள் வராதது கண்ணுக்கும் வராது.

பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்று ஒரு காளை. 1962இல் அமெரிக்காவில் பிறந்த ஹோல்ஸ்டீன். 16,000 மகள்கள், ஐந்து லட்சம் பேத்திகள். உலக ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபணுவில் ஏறத்தாழ 14 சதவீதம் இதனுடையது என்கிறார்கள். பால் கொட்டியது. ஆனால் அதன் உடம்பில் எழுத்துப்பிழை மாதிரி ஒரு மரபணுக் கோளாறும் இருந்தது. அப்பன் வழியிலும் ஆத்தாள் வழியிலும் அது சேர்ந்து வந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கருச்சிதைவுகள் நடந்திருக்கும் என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பால் பெருகியதால் வந்த லாபம் இந்த நஷ்டத்தைவிடப் பல மடங்கு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. கணக்கு லாபத்தில்தான் முடிகிறது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

குதிரையிலும் உண்டு. 'இம்ப்ரெசிவ்' என்ற பெயரில் 1969இல் பிறந்த அமெரிக்கக் குவார்ட்டர் குதிரை, செதுக்கி வைத்தது போன்ற தசைக்கட்டோடு கண்காட்சிகளை ஆண்டது. எல்லாரும் அதைத் தேடிப் போனார்கள். அதன் வாரிசுகளில் பல திடீரென்று தசை துடித்து, கால் மடங்கி விழுந்தன, சில செத்தன. தசையின் சோடியம் வாயிலில் ஒரு மரபணுக் கோளாறு என்று 1990களில் தெரிந்தது. அந்தக் கோளாறு இரட்டையாக இருக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்ற விதி 2007இல்தான் வந்தது.

சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். ஒரே இடத்தில் எல்லாம் போய்க் குவிந்தால், அந்த ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். ஜல்லிக்கட்டு விவாதம் சூடாக இருந்த 2017இல், பிடிபடாத காளையைப் பொலிக்கு விடுவதுதான் இதன் மரபு என்று நிறையப் பேர் வாதிட்டார்கள். பிடிபடாமல் ஓடுவதும் ஒரு ஒற்றை அளவுகோல்தானே, பாலுக்கும் உழவுக்கும் அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நல்லது இருந்தது. ஒவ்வொரு ஊரும் தன் கோயில் காளையைத் தானே தேர்ந்தெடுத்தது. பத்து ஊர் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் நூறு ஊரில் வேறு காளை இருக்கும். 2019இல் தமிழக அரசு இனப்பெருக்கக் காளைகளைப் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டம் இயற்றியபோது நாட்டு மாடு வளர்ப்பவர்கள் பதறியதை இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும். நோய்ப் பரிசோதனை வேண்டும் என்பது நியாயம். தேர்வு செய்யும் உரிமை ஒரே மேசைக்குப் போய்விடக்கூடாது என்பதும் நியாயம்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். மூன்று மாடு. போன வருஷம் அவருடைய கிடாரி, தலையீத்து, கன்று போட முடியாமல் ராத்திரி பூராவும் படுத்துக் கிடந்தது. கன்று பெருசு. விடியற்காலையில் வந்த டாக்டர் கையை விட்டு இழுத்துக்கொண்டே கேட்டார்.

"பெரியவரே, இன்னா ஊசி போட்டீங்க இதுக்கு? ஜெர்சியா, எச்.எஃப்.பா?"

"தெரியாது சார். மாடு கத்துதுன்னு போன் பண்ணேன், ஒரு தம்பி வந்து போட்டுட்டுப் போச்சு."

"குச்சில நம்பர் இருக்குமே, பார்க்கலையா?"

"அத அங்கயே தூக்கிப் போட்டுட்டுச்சு சார்."

கன்று பிழைக்கவில்லை. கிடாரி பிழைத்தது. ஒவ்வொரு குச்சியிலும் காளையின் எண், இனம், நிலையம், தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். சின்னக் கிடாரிக்குப் பெரிய இனத்துக் காளையைச் சேர்க்கக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த பாடம். தகவல் எல்லாம் இருந்தது. மாட்டைக் கட்டியிருந்தவர் கைக்கு மட்டும் அது வரவில்லை.

*

இப்போது கடினமான கேள்வி. இம்ப்ரெசிவின் வழியில் பிறந்து, தசை துடித்து விழும் குட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அநியாயம் நடந்ததா? வேறொரு ஆண்குதிரையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் குட்டி நலமாகப் பிறந்திருக்காது. இந்தக் குட்டியே பிறந்திருக்காது. வேறொரு குட்டி பிறந்திருக்கும். அப்படியென்றால் 'எனக்கு ஏன் இந்தத் தகப்பனைக் கொடுத்தாய்' என்று கேட்க அதற்கு இடமே இல்லையே? டெரக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1984இல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இந்த முடிச்சைப் போட்டார். மனிதர்களை வைத்துத்தான் கேட்டார், ஆனால் குதிரைக் கொட்டிலுக்கு இது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நமக்கு உள்ளுக்குள் தெரிகிறது, இது தப்பு என்று. ஆனால் பாதிக்கப்பட்டவர் யார் என்று விரல் நீட்ட முடியவில்லை. பெர்னார்ட் ரோலின் என்ற அமெரிக்கத் தத்துவவாதி கொஞ்சம் நடைமுறையான ஒரு விதி சொன்னார்: நீ மாற்றி உண்டாக்கும் மிருகம், அதன் பெற்றோர் இனத்தைவிட மோசமான வாழ்க்கை வாழக்கூடாது. எனக்கு இந்த விதி பிடிக்கும். குட்டியின் புகாருக்காக அது காத்திருக்கவில்லை. கேள்வியைக் குட்டியிடமிருந்து எடுத்து, தேர்ந்தெடுத்தவர் முன்னால் வைக்கிறது. புகார் சொல்ல ஆளே இல்லாத இடத்தில் பொறுப்பு குறையாது; கூடும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் நாம் இன்னும் கவனமாகத்தானே இருப்போம்?

மிருகத்திலிருந்து மனிதனுக்குத் தாவுகிற ஆசை இந்த விஷயத்தில் மிகப் பழையது. பிளேட்டோவின் 'குடியரசு' ஐந்தாம் பகுதியில் சாக்ரடீஸ் கிளாக்கனிடம், உன் வேட்டை நாய்களையும் பறவைகளையும் சிறந்தவற்றிலிருந்துதானே பெருக்குகிறாய், குதிரையும் அப்படித்தானே என்று கேட்டு, அதே மூச்சில் மனிதர்களுக்குப் போய்விடுகிறார். 1869இல் பிரான்சிஸ் கால்டன், நாயையும் குதிரையையும் தேர்ந்தெடுத்து வளர்க்க முடிகிறது என்றால் மனிதரில் மேதைகளையும் அப்படி உண்டாக்கலாம் என்று தொடங்கினார்; 1883இல் அதற்கு 'யூஜெனிக்ஸ்' என்று பெயர் வைத்தார். அது 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை அனுமதிப்பதிலும், 1933க்குப் பிறகு ஜெர்மனியிலும் போய் நின்றது.

இந்தத் தாவலில் என்ன தப்பு? மனிதன் உயர்ந்தவன், மிருகம் தாழ்ந்தது என்று பதில் சொல்வது சுலபம். எனக்கு அதில் திருப்தி இல்லை. குதிரை வளர்ப்பவர் மந்தைக்கு வெளியே நிற்கிறார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். அவர் ஓட வேண்டியதில்லை, இழுக்க வேண்டியதில்லை, ஒதுக்கப்படவும் மாட்டார். மனிதர்களில் அப்படி வெளியே நிற்க யாருக்கும் இடமில்லை. மந்தைக்கு உள்ளே இருந்துகொண்டே வெளியே நிற்பதாக நடிப்பவர்தான் சாதியைக் காப்பாற்றுகிறவர், இனத்தைக் காப்பாற்றுகிறவர்.

ரத்தம் பார்க்காவிட்டாலும், ஓட்டத்துக்கும் இழுவைக்கும் ஆள் பிரிப்பதை நாம் விடவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் கம்பத்துக்குக் கம்பம் வேலைக்கு ஆள் தேவை நோட்டீஸ். வயது 18லிருந்து 25, ஐடிஐ அல்லது டிப்ளமோ, ஷிப்ட், ரூம் உண்டு. அந்த வேலை இழுவைக் கணக்கு. ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்றால் இத்தனை பீஸ். போட்டால் போதும். அதனாலேயே மெஷின் வந்தாலும் ஆள் போகலாம், வயது ஏறினாலும் ஆள் போகலாம். நான் வேலை பார்க்கும் உலகம் பந்தயக் கணக்கு. நன்றாக வேலை செய்தாயா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து சீட்டைவிட நன்றாகவா என்பதுதான் வருஷ முடிவில் கேள்வி. எல்லாரும் நன்றாகச் செய்தாலும் சிலர் கடைசியில் வந்தே ஆகவேண்டும். ஒன்றில் 'போதும்' என்பவனுக்கு நிலைப்பு இல்லை. இன்னொன்றில் 'போதும்' என்று சொல்லவே வழியில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: சங்கம் வைக்கலாம், எதிர்த்துப் பேசலாம், வேலையை விட்டுவிட்டுப் போகலாம். குதிரைக்கு இது எதுவும் இல்லை. ஆகவே குதிரைக்காரரின் கடன் மேனேஜரின் கடனைவிடப் பெரிது.

*

தேர்ந்தெடுக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கொட்டிலில் பெட்டை நிற்கிறது, தோட்டத்தில் பசு கத்துகிறது; எதையும் தேர்ந்தெடுக்காமல் விடுவதும் ஒரு தேர்வுதான், அதற்கும் குட்டி பிறக்கும், அதற்கும் வலிக்கும். ஆனால் தேர்ந்தெடுக்கிறவர் தலையில் சில கடன்கள் விழுகின்றன. ஓடுகிற ரெண்டு மூன்று வருஷத்துக்கு மட்டுமல்ல, ஓட்டம் முடிந்தபின் வரும் இருபது வருஷத்துக்கும் அவர்தான் பொறுப்பு. ஜெயிக்கிற ஒன்றுக்கு மட்டுமல்ல, அந்த ஒன்றை எடுப்பதற்காகப் பிறப்பித்த மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பு. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டபோது நிலத்தைப் பற்றி, குத்தகை பாக்கியைப் பற்றி, அங்கே என்ன கட்டலாம் என்பதைப் பற்றி நிறையப் பேசினோம். குதிரைகளைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசினோம்.

இன்னொரு கடன், நம்முடைய நோக்கமே கடைசி நோக்கம் என்று நினைத்து மற்றக் கதவுகளை மூடாமல் இருப்பது. புனேயில் பூனாவாலா குடும்பம் பந்தயக் குதிரை வளர்த்தது. பந்தயத்துக்கும் பொலிக்கும் ஆகாத குதிரைகளை, சீரம் தயாரிக்க மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அந்த வேலையை நாமே செய்தால் என்ன என்ற யோசனையில் 1966இல் சீரம் இன்ஸ்டிடியூட் பிறந்தது. நம் ஊரில் பாம்பு கடித்தால் ஏற்றும் மருந்தும் குதிரையின் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அது உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து எடுக்கிறார்கள். அந்தக் குதிரைக்கும் அது சும்மா கிடைக்கிற வாழ்க்கை இல்லை. நாம் அதனிடம் கேட்கவும் இல்லை.

திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்கு நாற்று நடும் பருவத்தில் பாம்புக்கடியோடு யாரையாவது கொண்டுவந்தால், அவர் உடம்பில் ஏறுவது அப்படிப்பட்ட ஏதோ ஒரு குதிரையின் உழைப்பு. அது ஓடி ஜெயித்ததா, எவ்வளவு பாரம் இழுத்தது என்பது அங்கே யாருக்கும் தேவையில்லை. அதன் தகப்பனைத் தேர்ந்தெடுத்தவர் மனதில் இந்த வேலை இருந்திருக்கவும் வாய்ப்பில்லை.